காற்றூதி ஓடும்போது ஈரப்பத அளவு தளம்புகிறது: ஷீல்டை எங்கே எர்த் செய்வது?

வினா – பரந்தன்
வணக்கம். காலபோக விதைநெல் வைக்கும் களஞ்சியமொன்றைப் பராமரிக்கிறேன். உள்ளேயுள்ள ஈரப்பத, வெப்பநிலை ட்ரான்ஸ்மிற்றரிலிருந்து (அளந்ததை மின்னோட்டமாக அனுப்பும் கருவி) 4–20 மில்லிஅம்பியர் சமிக்ஞை (4 என்றால் 0 சதவீதம், 20 என்றால் 100 சதவீதம்), ஏறத்தாழ 60 மீற்றர் கேபிள் வழியாகப் பனலுக்கு வருகிறது. காற்றூதி நின்றிருக்கையில் 62 சதவீதம் என்று அசையாமல் நிற்கும் அளவு, இன்வேட்டர் (மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மோட்டரை ஓட்டத் தொடங்கியதும் 56க்கும் 69க்கும் இடையே ஆடுகிறது. மோட்டர் கேபிளும் இதுவும் ஒரே குழாயில் செல்கின்றன. பாதுகாப்புக் கூடும் என்று எண்ணி ஷீல்டை, அதாவது கேபிளுக்குள் வயர்களைச் சுற்றியுள்ள உலோக உறையை, இரு முனைகளிலும் எர்த் செய்திருக்கிறேன். ட்ரான்ஸ்மிற்றரை மாற்றியும் பயனில்லை.

பதில் – வவுனியா
இனியும் ட்ரான்ஸ்மிற்றரை வாங்காதீர்கள். அதைக் கழற்றிவிட்டு, அந்த இரு வயர்களுக்கிடையே 2000 ஓம், அரை வாற் தடையொன்றை இணையுங்கள். 24 வோல்ற் மின்வழங்கியும் பனலில் சமிக்ஞையை அளக்கும் 250 ஓம் தடையும் இருந்தால் சுமார் 10.7 மில்லிஅம்பியர் ஓடும். அது ஏறத்தாழ 42 சதவீதமாகத் தெரிய வேண்டும். காற்றூதி ஓடும்போது அந்த அளவும் ஆடினால் குற்றம் வயரிங்கில்தான். 250 ஓமில் ஒரு சதவீத ஈரப்பதம் என்பது வெறும் 40 மில்லிவோல்ற் ஆகையால், சிறு மின் இரைச்சலும் பெரிதாகத் தெரியும்.

இரு முனைகளிலும் எர்த் செய்த ஷீல்டில், இரண்டு எர்த்துகளுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டால் மின்னோட்டம் ஓடி, உள்ளேயுள்ள வயர்களைப் பாதிக்கிறது. ஷீல்டைப் பனலில் மட்டும் எர்த் செய்து, மறுமுனையை வெட்டி இன்சுலேஷன் ரேப் சுற்றி விடுங்கள். கேபிளைத் தனிக் குழாயில் கொண்டு செல்லுங்கள். மோட்டர் கேபிளைக் கடக்கவேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். மோட்டரின் பாதுகாப்பு எர்த் வயரை மட்டும் எக்காரணங்கொண்டும் கழற்றாதீர்கள்.

பதில் – முல்லைத்தீவு
கருவிகளுக்கென்று தனியாக ஓர் எர்த் கம்பியை நட்டால் தீராதா?

பதில் – வவுனியா
தனியே விடப்பட்ட கம்பி ஆபத்தானது. இடி விழும்போது அதற்கும் பிரதான எர்த்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ற் எழலாம். அது பனலுக்குள்ளேயே பாயும். கம்பி நட்டாலும் பிரதான எர்த்துடன் இணைத்தே ஆக வேண்டும். அத்துடன் நம் மண் சிறுபோக வறட்சியில் காய்ந்து எர்த்தின் தடை ஏறிவிடுவதால், மாரியில் எடுத்த அளவை நம்பி ஆவணியில் இருந்துவிடக் கூடாது.

வினவியவர் – பரந்தன்
நீங்கள் கூறியபடி தடையை இணைத்துப் பார்த்தேன். அந்த அளவும் ஆடியது. ட்ரான்ஸ்மிற்றர் பக்கம் ஷீல்டைக் கழற்றி, அதற்கும் பெட்டி பொருத்திய இரும்புத் தூணுக்கும் இடையே மல்ரிமீற்றரை வைத்தபோது ஆடலோட்டத்தில் 1.4 வோல்ற் காட்டியது. அந்த முனையை ரேப் சுற்றி விட்டதும் ஆட்டம் 2 சதவீதமாகக் குறைந்தது. நேற்றுத் தனிக் குழாய் போட்டபின் காற்றூதி ஓடினாலும் 62இலேயே நிற்கிறது. கழற்றிய பழைய ட்ரான்ஸ்மிற்றரையும் பொருத்திப் பார்த்தேன், அதிலும் கோளாறு எதுவுமில்லை.