பெயர் சொல்லி அழைப்பதும் கை ஓங்குவதும்

மழலையர் வகுப்பு ஆசிரியை ஒருவர்:

பல மொழி பேசும், பல சமயங்களைப் பின்பற்றும் குடும்பங்களிலிருந்து வரும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நான் கற்பிக்கிறேன். "யார் வீட்டு ஒழுக்கத்தைச் சொல்லித் தருவீர்கள்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு, அந்தக் கவலை நியாயமானதே.

ஒரு சிறுமி பொறுமையாக அடுக்கிய மரக்கட்டைக் கோபுரத்தை ஒரு சிறுவன் தட்டிவிட்டான். உதவியாளர் அவனிடம், "என்னைப் பார்த்து மன்னிப்புக் கேள்" என்றார். அவன் தலையைக் குனிந்தபடியே நின்றான். "கீழேயே பாக்குறான், அவனுக்கு வருத்தமே இல்ல" என்று அச்சிறுமி இன்னும் உரக்க அழுதாள். பெரியவர்கள் கண்டிக்கும்போது நிமிர்ந்து பார்ப்பது மரியாதையல்ல என்று அவன் வீட்டில் பழக்கியிருந்தார்கள். அவள் வீட்டிலோ, கண்ணைப் பார்த்துப் பேசுவதுதான் நேர்மை. நான் அருகில் உட்கார்ந்து, "அவள் அழுகிறாளே, என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டேன். அவன் அலமாரிக்கு அடியில் உருண்டோடிய கட்டைகளைக் கையை விட்டுத் துழாவி எடுத்து, ஒவ்வொன்றாக அவள் முன் கொண்டுவந்து வைத்தான். அதற்குமேல் நான் எதையும் வற்புறுத்தவில்லை.

பிறருக்கு நோவு தருவது வேறு, வழக்கத்தை மீறுவது வேறு என்பதை இந்த வயதுப் பிள்ளைகளே உணர்ந்திருக்கிறார்கள். உளவியலாளர் எலியட் டூரியல் விளக்கிய இவ்வேறுபாட்டை மழலையர் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள் என்று மற்றோர் உளவியலாளரான ஜூடித் ஸ்மெட்டானா 1981இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. "டீச்சர் சரி என்று சொன்னால் பொம்மைகளை எடுத்து வைக்காமல் போகலாமா?" என்று கேட்டால், என் வகுப்பில் பலரும் போகலாம் என்பார்கள், "டீச்சர் சரி என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவனை அடிக்கலாமா?" என்றால், "கூடாது, வலிக்கும்" என்பார்கள். எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவான தொடக்கம் அந்த "வலிக்கும்" என்ற பதிலில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு தந்தை:

எங்கள் வீட்டில் பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மகளின் பள்ளியிலோ ஆசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். பெற்றோர் மீதும், தன் பண்பாட்டு அடையாளம், மொழி, விழுமியங்கள் மீதும், தன்னுடையதிலிருந்து வேறுபட்ட நாகரிகங்கள் மீதும் குழந்தைக்கு மதிப்பை வளர்ப்பது கல்வியின் நோக்கம் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 29ஆவது பிரிவு கூறுகிறது. இவ்விரு மதிப்பும் முரண்படும் என்றே அஞ்சினேன். மகளோ, பள்ளியில் பெயரும் வீட்டில் உறவுமுறையுமாகத் தானே பிரித்துக்கொண்டாள். ஆனால், "அடித்தால் திருப்பி அடி" என்று வீட்டிலேயே சொல்லி அனுப்பப்படும் பிள்ளையிடம் என்ன சொல்வீர்கள்?

ஆசிரியை:

அங்கே நான் விட்டுக்கொடுப்பதில்லை. "உன் அப்பா சொன்னது தவறு" என்று பிள்ளையிடம் ஒருபோதும் சொல்ல மாட்டேன். "இந்த வகுப்பில் யாரும் யாரையும் அடிப்பதில்லை, உன்னை அடித்தால் உடனே என்னிடம் வா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பேன். அப்படி வரும் ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பார்ப்பேன். பெற்றோரிடம் தனியே பேசுவேன். தன் பிள்ளைக்காகப் பேச ஆள் இருக்காது என்ற பயத்தில் அப்படிச் சொல்லி அனுப்பியதாகச் சிலர் என்னிடம் கூறியிருக்கிறார்கள்.