டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது, ஆயில் அளவு ஏறுகிறது: பி.எஸ்.6 டீசல் வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

சிங்கை டீசல்:
வணக்கம். கார் 2021 மாடல், 1.5 லிட்டர் பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி) டீசல், மேனுவல் கியர். நான் இரண்டாவது ஓனர். வீடு சிங்காநல்லூர், ஆபீஸ் பீளமேடு. காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஆபீஸ் போவேன், சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன். ஒரு தடவைக்கு ஆறேழு கிலோமீட்டர்தான். அதிலும் பாதி நேரம் சிக்னலில் நிற்கிறது.

கொஞ்ச நாளாக டாஷ்போர்டில் மஞ்சள் டிபிஎஃப் (புகை வடிகட்டி) விளக்கு எரிகிறது. தானாக அணைகிறது, மறுபடி வருகிறது. வண்டியை ஆஃப் செய்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சத்தமாக ஓடுகிறது, கருகிய வாடை வேறு. லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி இப்போது 11தான் கொடுக்கிறது. இதையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது ஆயில். குச்சியை எடுத்துப் பார்த்தால் மேக்ஸ் கோட்டுக்கு மேலே நிற்கிறது, டீசல் வாடை அடிக்கிறது. நான் ஆயில் ஊற்றவே இல்லை.

சர்வீஸ் சென்டரில் “ஹைவேயில் ஒரு ரவுண்டு போங்க சார், சரியாயிடும்” என்கிறார்கள். பங்கில் டீசல் சரியில்லை, பிரீமியம் டீசல் போடு என்கிறார் ஒரு நண்பர். டிபிஎஃப்பைக் கழற்றிவிட்டால் தொல்லையே இல்லை என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பட்டறைக்காரர்:
தம்பி, ஆயில் மேக்ஸைத் தாண்டி நிற்கும்போது ஹைவேக்குப் போகவே போகாதீங்க. முதலில் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றணும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். டிபிஎஃப் என்பது புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி. அது நிரம்பும்போது ஈசியூ (இன்ஜினை நிர்வகிக்கிற கம்ப்யூட்டர்) அந்தக் கரியை எரிக்கப் பார்க்கும். அதற்கு எக்ஸாஸ்ட் சூடு கிட்டத்தட்ட 600 டிகிரி வேண்டும். ஊருக்குள் ஓட்டும்போது அந்தச் சூடு வராது. அதனால் இன்ஜெக்டர் வழியாக நேரம் தள்ளி இன்னும் கொஞ்சம் டீசலைத் தெளித்துச் சூட்டை ஏற்றும். இதுதான் ரீஜென். நீங்கள் பாதியில் ஆபீஸ் வந்துவிட்டது என்று வண்டியை ஆஃப் செய்தால் கரி எரியாமல் நின்றுவிடும். அடுத்த தடவை மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி நிற்கும். இப்படிக் கூடுதலாகத் தெளிக்கிற டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கிறது. குச்சியில் அளவு ஏறுவது அதனால்தான். மைலேஜ் குறைவதும், ஃபேன் ஓடுவதும், வாடையும் இதே ரீஜென்னால் வருபவை.

டீசல் கலந்த ஆயில் தண்ணீராக இருக்கும். டர்போ பேரிங்கும் கிராங்க் பேரிங்கும் அந்த ஆயிலை நம்பித்தான் சுற்றுகின்றன. அளவு ரொம்ப ஏறினால் இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடுகிற அபாயமும் உண்டு. அளவைப் பார்க்காமல் ஹைவே போகச் சொன்னவர்கள் செய்தது சரியில்லை.

ஈரோடு டாக்சி:
அண்ணன் சொல்வது சரிங்க. ஆயில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்க. டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடுகிற ஆயில்தான் போடணும். டப்பாவில் ஏசிஇஏ (ஐரோப்பிய ஆயில் தரம்) சி2, சி3 என்று போட்டிருக்கும். உங்கள் மேனுவல் எதைச் சொல்கிறதோ அதை எடுங்க. பழைய டீசல் வண்டிக்குப் போடுகிற 15டபிள்யூ40 மலிவாகக் கிடைக்கிறதே என்று ஊற்றிவிடாதீங்க. கரி எரிந்து போய்விடும். ஆயிலில் இருந்து வருகிற சாம்பல் எரியாது, வடிகட்டிக்குள்ளேயே தங்கிவிடும். நீங்கள் இரண்டாவது ஓனர் வேறு. முன்னாடி இருந்தவர் என்ன ஆயில் ஊற்றினார் என்று சர்வீஸ் பில்லைத் தேடிப் பாருங்க.

என் வண்டியும் பி.எஸ்.6 டீசல்தான். தினமும் ஈரோடு, சேலம், கோவை என்று ஓடுகிறது. இந்த விளக்கை நான் பார்த்ததே இல்லை.

நீலகிரி மலைப்பாதை:
டீசல் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில் இருந்து நாடு முழுக்கக் கிடைப்பது பி.எஸ்.6 டீசல். அதில் கந்தகம் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்கு) மேல் இருக்கக் கூடாது, முன்பு பி.எஸ்.4 டீசலில் 50 வரை இருந்தது. பிரீமியம் டீசலில் இன்ஜெக்டரைச் சுத்தமாக வைக்கும் சேர்மானம் இருக்கும், போட்டால் கெடுதல் இல்லை. ஆனால் நின்று நின்று ஓடும் வண்டிக்கு எக்ஸாஸ்ட் சூட்டை அது கொடுக்காது. அந்தப் பணத்தை நல்ல ஆயிலில் போடலாம்.

டேங்கை ரிசர்வில் வைத்து ஓட்டாதீர்கள். டீசல் குறைவாக இருந்தால் பல கார்களில் ரீஜென் தொடங்கவே தொடங்காது. மழைக்காலத்தில் டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரையும் வடிகட்டச் சொல்லுங்கள். அதற்குத் தனி விளக்கு உண்டு, டிபிஎஃப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சிங்கை டீசல்:
ரொம்ப நன்றி. நாளைக்கே ஆயில் மாற்றிவிடுகிறேன். ஊட்டிக்கு ஏறி இறங்கினால் வடிகட்டி சுத்தமாகுமா? மலை ஏறும்போது இன்ஜினுக்கு நல்ல வேலை இருக்குமே.

நீலகிரி மலைப்பாதை:
ஏறும்போது சூடு வரும், உண்மைதான். இறங்கும்போது கியரில் விட்டு இறங்குவீர்கள். அப்போது டீசலே போகாது, எக்ஸாஸ்ட் ஆறிவிடும். சமதளத்தில் ஒரே வேகம்தான் நல்லது. நீலாம்பூர் தாண்டி என்.எச். 544 பிடித்துப் பெருந்துறை வரை போய் வாருங்கள். பல மேனுவல்கள் சொல்வது மணிக்கு 60க்கு மேல், இன்ஜின் 2,000 ஆர்பிஎம் பக்கம், விடாமல் 25 நிமிடம். ஐந்தாவது கியரில் சோம்பலாகப் போவதைவிட நான்காவதில் போனால் சூடு சீக்கிரம் ஏறும். முடிந்த கையோடு காய்ந்த புல், சருகு மேல் நிறுத்தாதீர்கள், அடியில் அவ்வளவு சூடு இருக்கும்.

புதுசா வந்தவர்:
எதுக்குங்க இவ்வளவு பாடு? டிபிஎஃப்பைக் கழற்றி ஈசியூவில் ரீமேப் பண்ணினால் (புரோகிராமை மாற்றினால்) மைலேஜும் பிக்கப்பும் கூடும். நிறைய பேர் பண்ணுகிறார்கள்.

பட்டறைக்காரர்:
நான் பண்ண மாட்டேன், யார் கேட்டாலும் பண்ணித் தர மாட்டேன். கம்பெனி கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி தப்பு. வாரண்டி போகும். பள்ளி வாசலில் பிள்ளையை இறக்குகிற வண்டி அது. அந்தக் கரி அங்கே நிற்கிற பிள்ளைகள் மூச்சில்தான் போகும். விளக்கு ஏன் எரிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை, விளக்கை அணைப்பது வேலை இல்லை.

சிங்கை தம்பி, ஆயில் மாற்றும்போது ஸ்கேனர் போட்டு மூன்று விஷயம் கேளுங்க. கரி அளவு எத்தனை, சாம்பல் எத்தனை, கடைசி ரீஜென்னில் இருந்து எத்தனை கிலோமீட்டர். கரி வரம்புக்குள் இருந்தால் ஹைவே போதும். கொஞ்சம் கூடுதல் என்றால் ஸ்கேனர் வழியாக நிறுத்திவைத்தே ரீஜென் பண்ணலாம். அதற்கும் மேலே போய்விட்டால் அதுகூடப் பண்ணக் கூடாது, வடிகட்டியை இறக்கித்தான் சுத்தம் பண்ணணும். புது வடிகட்டி விலை கேட்டால் மயக்கம் வரும், அதனால் தள்ளிப்போடாதீங்க.

சிங்கை டீசல்:
ஆயில் மாற்றியாச்சு. வடித்த ஆயில் தண்ணீர் மாதிரி ஓடியது. கரி கூடுதல், சாம்பல் குறைவு என்று ஸ்கேனரில் வந்தது. அங்கேயே ரீஜென் செய்தார்கள், அப்புறம் பெருந்துறை வரை போய் வந்தேன். விளக்கு போய்விட்டது. ஆனால் அடுத்த ரீஜென் இருநூறு கிலோமீட்டருக்குள்ளேயே வந்துவிட்டது, அதுவும் ஹைவேயில் ஓட்டும்போதே. இது சரியா?

பட்டறைக்காரர்:
சரியில்லை. ஹைவேயிலும் இவ்வளவு சீக்கிரம் வந்தால் இன்ஜின் கரியை அதிகமாகக் கக்குகிறது. ஊர் ஓட்டத்தின் மேல் மட்டும் பழி போடாதீங்க. டர்போவில் இருந்து இன்டர்கூலருக்கு (காற்றை ஆற்றுகிற பகுதி) போகிற ஹோஸ், ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடுவது), இன்ஜெக்டர், டிபிஎஃப் பிரஷர் சென்சாரின் சின்ன ரப்பர் குழாய், இந்த வரிசையில் பாருங்க. ஹோஸில் எண்ணெய்ப் பிசுக்கு வெளியே தெரிந்தால் அங்கேதான் காற்று கசியும். கிளிப்பைத் தளர்த்தி அடிப்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்க, கிழிசல் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

சிங்கை டீசல்:
அண்ணா, நீங்கள் சொன்னதேதான். இன்டர்கூலர் ஹோஸில் கிளிப் அடியில் கிழிசல். மேலிருந்து பார்த்தால் தெரியவே இல்லை. மாற்றிய பிறகு பிக்கப் நன்றாகத் தெரிகிறது, ரீஜென்னும் இப்போது நன்றாக இடைவெளி விட்டுத்தான் வருகிறது. மகளைப் பள்ளியில் விட இனி வீட்டம்மா ஸ்கூட்டரை எடுக்கிறார். கார் வார இறுதியில் தாராபுரத்துக்கு, அப்பா அம்மா வீட்டுக்குப் போகும். ஒரே ஒரு சந்தேகம்: அடுத்த ஆயில் எப்போது?

ஈரோடு டாக்சி:
மேனுவலில் 10,000 என்று போட்டிருந்தாலும், ஊர் ஓட்டம் கலந்திருப்பதால் நீங்கள் 7,000க்கே மாற்றிவிடுங்க. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு வாரம் ஒரு தடவை குச்சியைப் பாருங்க. மேக்ஸைத் தொட்டால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றிடுங்க.