பொங்கல் லீவில் டெல்லி, ஆளுக்கு 7 கிலோ: குளிர்த் துணியை எப்படி அடக்குவது?

கோவை சைக்கிள்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் லீவில் நானும் மனைவியும் கோவையிலிருந்து டெல்லி போகிறோம். வியாழன் மதியம் போய் ஞாயிறு இரவு திரும்புவதாக ஏற்பாடு, தங்குவது கரோல் பாகில். டிக்கெட் எடுத்தது செக்-இன் பேக்கேஜ் இல்லாத குறைந்த கட்டணத்தில், அதனால் ஆளுக்குக் கையில் 7 கிலோ மட்டும்தான். கோவா, கொச்சி என்றால் இங்கே வந்து கேட்டிருக்கவே மாட்டேன், நாலு டீ-ஷர்ட்டைச் சுருட்டிப் போட்டுக் கிளம்பியிருப்பேன். ஆனால் ஜனவரி டெல்லி.

நேற்று சும்மா அடுக்கிப் பார்த்தேன். ஊட்டி திபெத்தியன் மார்க்கெட்டில் வாங்கிய தடி ஸ்வெட்டர் இரண்டு, ஜெர்கின், ஜீன்ஸ் இரண்டு, ஒரு ஷூ, சால்வை, குளியல் டவல், சார்ஜர் வகையறா. டிராலி ஜிப் மூட மாட்டேன் என்கிறது, தராசில் 9.8 கிலோ. மனைவி இன்னும் அடுக்கவே ஆரம்பிக்கவில்லை. இதற்கு மேல் அம்மா, ஆர்.கே.புரத்தில் இருக்கும் சித்திக்குக் கொடுக்கச் சொல்லி எலுமிச்சை ஊறுகாய், நெய், தோட்டத்துத் தேங்காய் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார். வேண்டாம் என்று சொன்னால் அவர் கேட்கிற ஆள் இல்லை.

கூடுதல் பேக்கேஜுக்குப் பணம் கட்டச் சொல்லாமல் வேறு ஏதாவது வழி சொல்லுங்கள். அங்கேயே துவைத்துப் போட்டுக்கொள்ளலாமா? டிராலியா, தோள் பையா?

கரோல்பாக் பழைய வாசி:

தம்பி, உங்கள் பட்டியலில் பாதி ஊட்டிக்குப் போகிறவர் பட்டியல். தடி ஸ்வெட்டர் இரண்டையும் வீட்டில் வையுங்கள். ஜனவரி நடுவில் இங்கே இரவில் 5, 6 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம், பகலில் வெயில் வந்தால் 18, 20 வரை ஏறும், பனிமூட்டம் விலகாத நாளில் 15ஐத் தாண்டாது. ஒரே நாளில் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும்போது ஒரு தடித் துணியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, போட்டால் வேகும், கழற்றினால் கையில் சுமை. மெல்லியதாக மூன்று அடுக்கு வேண்டும்: உள்ளே தெர்மல் (உடம்பை ஒட்டிய குளிர்கால உள்ளுடை), அதன்மேல் சட்டை அல்லது மெல்லிய ஃபிளீஸ், வெளியே காற்று புகாத பஞ்சு வைத்த ஜாக்கெட். மேலும் கீழும் சேர்ந்த ஒரு தெர்மல் செட் அரைக் கிலோகூட வராது. ஒரு ஜீன்ஸே முக்கால் கிலோ வரும், அந்தக் குளிரில் அது தொடையில் ஐஸ் தகடு மாதிரி ஒட்டும்! சாதாரண காட்டன் பேண்ட் ஒன்று, உள்ளே தெர்மல், போதும்.

துவைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். "ராத்திரி துவைத்தால் காலையில் காய்ந்துவிடும்" என்று எல்லாப் பயணக் குறிப்பிலும் எழுதியிருப்பார்கள், அது வெயிலும் காற்றும் இருக்கிற ஊருக்குச் சரி. இங்கே ஜனவரியில் மூட்டம் போட்டால் ஒரு காட்டன் பனியன் இரண்டு நாள் கொடியில் தொங்கிய பிறகும் தொட்டால் சில்லென்று இருக்கும், ஈரமா குளிரா என்றே தெரியாது. துவைக்கத் தேவையும் இல்லை, வேர்வையே வராது. வெளிச்சட்டையை இரண்டு நாள் போட்டாலும் நாறாது. உள்ளாடை, சாக்ஸ் மட்டும் நாளுக்கு ஒன்று எடுங்கள், கூட ஒரு செட் வையுங்கள்.

ரூம் ஹீட்டர் இருக்கிறதா, அதற்குத் தனிக் காசா என்று லாட்ஜில் இப்போதே போன் போட்டுக் கேளுங்கள். ஹீட்டர் இல்லாவிட்டால் எவ்வளவு மூட்டை கட்டிப் போனாலும் இரவில் தூக்கம் வராது.

திருப்பூர் நூல்:

தெர்மலை டெல்லி போய் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அங்கே விற்பதில் எவ்வளவோ நம்ம ஊரில் தைத்துப் போனதுதான். கோவையிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம், திருப்பூர் காதர்பேட்டையில் பார்த்து வாங்கிவிட்டுப் போங்கள். முழுக்கை எடுங்கள், கழுத்து வட்டமாக இருக்கட்டும், சட்டைக் காலரில் எட்டிப் பார்க்காது.

அந்தக் குளியல் டவலை முதலில் வெளியே எறியுங்கள். அரைக் கிலோவை அது தின்கிறது, நனைந்தால் இன்னும் மோசம். நம்ம ஊர் ஈரிழைத் துண்டு ஒன்று போதும், காதை மூடிக் கட்டவும் ஆகும்.

பனைவெல்லம்:

டிராலி, தோள் பை கேள்விக்கு: தோள் பை. சக்கரம் வைத்த சின்ன டிராலி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ வரும், 7 கிலோவில் அதையே கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? துணிப் பை ஒரு கிலோவுக்குள் முடியும். அப்புறம் மெட்ரோவில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பையை எக்ஸ்ரேயில் போட்டு எடுக்க வேண்டும். டெர்மினல் 3இல் இறங்கினால் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸில் நியூ டெல்லி வந்து மாற வேண்டும், டெர்மினல் 1 என்றால் மஜெந்தா லைனில் ஜனக்புரி வெஸ்ட் போய் ப்ளூ லைனில் கரோல் பாக். இரண்டிலும் படி, கூட்டம், நடை எல்லாம் உண்டு.

எடை பார்க்கத் தனித் தராசு வேண்டாம், வீட்டு எடை மெஷினில் பையோடு ஒரு தடவை, பையில்லாமல் ஒரு தடவை ஏறினால் தெரிந்துவிடும். உடம்பில் போட்டிருப்பதை யாரும் நிறுப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஷூ காலில், ஜாக்கெட் உடம்பிலோ கையிலோ, பவர் பேங்கும் சார்ஜரும் ஜாக்கெட் பாக்கெட்டில். செக்யூரிட்டியில் எல்லாவற்றையும் டிரேயில் வைக்கச் சொல்வார்கள், அது வேறு விஷயம். கோவை வெயிலில் ஜாக்கெட்டோடு நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

மெட்ராஸ் மாமி:

எல்லோரும் ஆம்பளைங்க துணியையே பேசுகிறீர்கள். தம்பி, உங்கள் மனைவிக்குச் சொல்லுங்கள்: சித்தி வீட்டுக்குப் பொங்கலுக்குப் போவதால் புடவை கட்டத்தான் வேண்டும் என்றால் காட்டன் வேண்டாம், பட்டு எடுக்கட்டும். மடித்தால் சின்னதாக அடங்கும், குளிருக்கும் அதுதான் இதம். ரவிக்கைக்குப் பதிலாக அதே நிறத்தில் முழுக்கை தெர்மல் டாப், டெல்லியில் பாதிப் பெண்கள் கல்யாணத்துக்கே அப்படித்தான் வருகிறார்கள். மற்ற நாளெல்லாம் சுடிதாருக்குள் தெர்மல். சால்வை ஒன்று இரண்டு பேருக்கும் போதும், விமானத்தில் போர்வை, கோயிலில் மேல்துண்டு, மெட்ரோவில் மஃப்ளர் என்று அதுவே ஓடிவிடும்.

தேங்காய் எண்ணெய் பாட்டிலில் எடுக்காதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்து கட்டியாகிவிடும், வாய் சின்ன பாட்டிலாக இருந்தால் குச்சி விட்டு நோண்ட வேண்டும். வாய் அகன்ற சின்ன டப்பாவில் கொஞ்சம் போடுங்கள், தலைக்கும் ஆச்சு, வெடித்த உதட்டுக்கும் ஆச்சு, கிரீம் டப்பா மிச்சம்.

கோவை சைக்கிள்காரன்:

எல்லோருக்கும் நன்றி. தெர்மலும் பட்டுப் புடவையும் மனைவிக்குப் பிடித்துவிட்டது, டிராலி பரணுக்குப் போய்விட்டது. அம்மா பார்சலைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லையே. தேங்காய் எடுக்கலாமா கூடாதா?

ஏர்போர்ட் பக்கம்:

எடுக்காதீர்கள். தேங்காயைக் கைப்பையில் விடமாட்டார்கள், எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கக்கூடியது என்பது காரணம். சபரிமலை சீசனில் இருமுடிக் கட்டுத் தேங்காய்க்கு மட்டும் சோதனைக்குப் பிறகு விலக்கு கொடுத்தார்கள், 2024 சீசனிலும் ஜனவரி 20 வரைக்கும் அப்படி இருந்தது, ஆனால் அது மாலை போட்ட பக்தர்களுக்கு. சித்திக்குக் கொண்டுபோகும் தேங்காய்க்கு அதைக் காட்டி வாதாட முடியாது. மிளகாய் போட்ட ஊறுகாயும் கைப்பையில் கூடாது. நெய் திரவக் கணக்கில் வரும். முறுக்கு, தட்டை, எள்ளுருண்டை மாதிரி காய்ந்த பண்டம் என்றால் பிரச்சினை இல்லை, ஆனால் அந்த எடையும் உங்கள் 7 கிலோவில்தான். தீப்பெட்டி, லைட்டர் எதுவும் பையின் அடியில் கிடக்கிறதா என்றும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள், அதற்காகவே முழுப் பையையும் பிரிக்கச் சொல்வார்கள்.

சந்தேகப் பேர்வழி:

நான் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் செக்-இன் போட்டால் 15 கிலோ கிடைக்கிறது. இப்போதே ஆன்லைனில் கட்டினால் ஏர்போர்ட் கவுண்டரில் கேட்பதைவிடக் குறைவு. நூற்றுக்கணக்கில் மிச்சம் பிடிக்க இவ்வளவு மண்டை உடைத்துக்கொள்ள வேண்டுமா?

கரோல்பாக் பழைய வாசி:

போடலாம்தான், ஆனால் காசு மட்டும் கணக்கில்லை. பனி சீசனில் விமானம் தாமதமாகும், ரத்தாகும், வேறு ஊருக்குத் திருப்பி விடுவார்கள். பெட்டி உள்ளே போய்விட்டால் அது எங்கே இருக்கிறது என்று கவுண்டர் கவுண்டராக அலைய வேண்டும். என் மருமகன் ஒரு தடவை ராத்திரி முழுக்க ஏர்போர்ட் தரையில் உட்கார்ந்திருந்தான், ஸ்வெட்டர், பி.பி. மாத்திரை எல்லாம் செக்-இன் பெட்டியில். ஆகவே மருந்து, பல் துலக்கும் சாமான், ஒரு செட் உள்ளாடை, சால்வை நான்கும் எப்போதும் கைப்பையில், அதுவும் மேலாகவே இருக்கட்டும்.

இன்னொன்று, டெல்லியில் தகுந்த கருவியும் பயிற்சி பெற்ற பைலட்டும் இருந்தால் ஓடுபாதையில் 50 மீட்டர் தெரிந்தாலும் இறங்கலாம், கிளம்புவதற்குத்தான் 125 மீட்டராவது வேண்டும். மூட்டம் நள்ளிரவுக்கு மேல் கனத்து, காலை பத்து மணி வாக்கில்தான் கலையும். உங்கள் ஞாயிறு விமானம் எத்தனை மணிக்கு? இரவு ஏழு, எட்டுக்குள் என்றால் பெரும்பாலும் தப்பிவிடுவீர்கள்.

அக்ஷர்தாம் கோயில் போவதாக இருந்தால் போன், பை எல்லாம் வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், லாட்ஜிலேயே பையை வைத்துவிட்டு வெறுங்கையோடு போவது நல்லது. ஆக்ரா ஆசை இருந்தால் வெள்ளிக்கிழமை வேண்டாம், தாஜ் மூடியிருக்கும்.

கோவை சைக்கிள்காரன்:

விமானம் மாலை 6.40க்கு. சரி, தேங்காயும் ஊறுகாயும் கொரியரில் போகிறது, அம்மாவிடம் மனைவியைப் பேச வைத்தாயிற்று. நெய் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

மெட்ராஸ் மாமி:

கொரியரை இந்த வாரமே போடுங்கள், பொங்கல் நெருங்கினால் குடோனிலேயே கிடக்கும். ஊறுகாய் பாட்டில் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு கவரில் போடச் சொல்லுங்கள். நெய்யை சித்தியே டெல்லியில் வாங்கிக்கொள்வார், அதை அம்மாவிடம் சொல்லிவிட வேண்டாம்.