மறு: ‘ரிக்ரெட்டபிள் சப்ஸ்டிட்யூஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம்.

நேற்று ஒரு சொல் கேட்டேன், இன்று பதினொன்று வந்திருக்கின்றன. நன்றி. பாதிப் பேர் ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்த்துத் தமிழாக்கியிருக்கிறீர்கள். தவறு என்னுடையதுதான், பொருளைச் சொல்லாமல் கேட்டுவிட்டேன். தீங்கென்று ஒன்றை விலக்கி, அதன் இடத்தில் வைத்ததும் தீங்கானதுதான் என்று பிற்பாடு தெரியவருவது: இதற்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

இரண்டு பீனால்களை ஓர் அசிட்டோனால் கோத்தால் பிஸ்பீனால் ஏ, சுருக்கமாக பிபிஏ. பெயரில் வரும் ‘ஏ’ அந்த அசிட்டோன்தான். பாலிகார்பனேட் பிளாஸ்டிக், உணவு டின்களின் உட்பூச்சு, பில் அச்சிடும் வெப்பத்தாள் எல்லாவற்றிலும் இருந்தது. உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் வேடம் போடும் என்பது 1936இலேயே தெரிந்த செய்தி. குழந்தைகளின் பால்புட்டியில் இது கூடாது என்று கனடா 2010இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் தடுத்தன. ‘பிபிஏ இல்லாதது’ என்ற முத்திரையோடு பொருள்கள் வரத் தொடங்கின. சிலவற்றில் பிளாஸ்டிக்கே வேறு. ஆனால் வெப்பத்தாள் போன்றவற்றில் பிஸ்பீனால் எஸ் (பிபிஎஸ்) வந்து உட்கார்ந்தது, வேறு சிலவற்றில் பிஸ்பீனால் எஃப் (பிபிஎஃப்). இரண்டிலும் அதே இரட்டை பீனால். நடுவிலுள்ள பாலம் மட்டும் வேறு. இவையும் ஏறக்குறைய பிபிஏ அளவுக்கே ஹார்மோன்களின் வேலையில் தலையிடுகின்றன என்று 2015இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது.

இதைவிட நன்றாக விளக்குவது எலிக்கூண்டுக் கதை. 1998இல் அமெரிக்காவில் பாட்ரீசியா ஹன்ட் என்பவரின் ஆய்வகத்தில் பாலிகார்பனேட் கூண்டுகளை யாரோ தவறான சோப்பால் கழுவிவிட்டார்கள். கூண்டு சிதைந்து பிபிஏ கசிந்தது. எந்த மருந்தும் கொடுக்காமல் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த எலிகளின் கருமுட்டைகளில் குரோமோசோம் கோளாறு! 2003இல் அதை வெளியிட்டார்கள். அப்புறம் பாலிசல்ஃபோன் என்ற வேறொரு பிளாஸ்டிக் கூண்டுகளுக்கு மாறினார்கள். 2018இல் மறுபடியும் ஒரு கட்டுரை: இந்தக் கூண்டுகளும் சில சிதைந்தன, கசிந்ததில் பிபிஎஸ்ஸும் இருந்தது, கோளாறும் திரும்பி வந்தது. இந்த இரண்டாவது கூண்டுக்குத்தான் பெயர் தேடுகிறேன்.

இனி உங்கள் சொற்கள்.

> வருந்தத்தக்க பதிலீடு

இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் வேதியியல் பாடநூலில் ‘பதிலீட்டு வினை’ என்று ஒன்று ஏற்கெனவே உண்டு: மூலக்கூறிலிருந்து ஓர் அணுவோ தொகுதியோ விலக, அந்த இடத்தில் வேறொன்று ஏறுவது. ‘பிபிஏவின் பதிலீடு’ என்றால் மாணவர் எந்த அணு போனது என்று தேடுவார். தவிர, ‘வருந்தத்தக்க’ என்பதில் இரங்கல் செய்தி வாடை.

> போலி மாற்று
> மூலக்கூறு ஆள்மாறாட்டம்

இரண்டாவதைப் படித்துச் சிரித்தேன். ஆனால் ஆள்மாறாட்டத்தில் ஏமாற்றும் எண்ணம் வேண்டும். தெரிந்தே மாற்றியவர்களும் இருக்கலாம், தெரியாமல் மாற்றியவர்களும் இருக்கலாம். கலைச்சொல் தீர்ப்பு எழுதக் கூடாது. ‘போலி’யும் சரியில்லை. கொடுத்த வேலையை பிபிஎஸ் ஒழுங்காகச் செய்கிறது, பில் தெளிவாக அச்சாகிறது. வேலை நடந்துவிடுவதால்தான் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

> புதுமொந்தை

‘புதிய மொந்தையில் பழைய கள்’. கட்டுரைத் தலைப்புக்கு எடுத்துக்கொள்கிறேன், அனுமதி உண்டா? கலைச்சொல்லாகச் சிக்கல், ஏனென்றால் கள் அதே கள் இல்லை. விழுங்கிய பிபிஏயைக் குடலும் கல்லீரலும் பெரும்பாலும் வேலை செய்யவிடாமல் கட்டிப்போட்டுவிடுகின்றன. பன்றிகளில் 2019இல் செய்த ஆய்வில், கட்டுப்படாமல் இரத்தத்துக்குப் போன பிபிஏ ஒரு சதவீதம்கூட இல்லை. பிபிஎஸ் பாதிக்கும் மேல் போனது. தோல் வழியில் கதை தலைகீழ், அங்கே பிபிஎஸ்தான் குறைவாக நுழைகிறது. வெளியே நீரில் வந்தால் பிபிஎஃப்பை நுண்ணுயிர்கள் ஒருவாறு தின்றுவிடுகின்றன. கடல்நீரில் பிபிஎஸ் எளிதில் சிதைவதில்லை. ஒரே குடும்பம்தான், குணம் வேறுவேறு.

> தீங்குமாறா மாற்று

அதிகம் பேர் ஆதரித்தது. நேற்று மாலைவரை நானும் இதன் பக்கம்தான். மேலே சொன்ன காரணமே இதையும் இடிக்கிறது: பல இடங்களில் தீங்கு மாறுகிறது, போவதில்லை, அவ்வளவுதான். ஓசோனைத் தின்ற குளோரோஃப்ளோரோகார்பனை விட்டு ஹைட்ரோஃப்ளோரோகார்பனுக்கு வந்தோம். ஓசோன் தப்பியது, ஆனால் இது வலுவான பசுமைக்குடில் வாயு. அதைக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் இன்னோர் உடன்பாடு வேண்டியிருந்தது. நாம் தேடும் சொல் இந்த வாயுவுக்கும் பொருந்த வேண்டும்.

> ஏமாற்று

ஒரே சொல், விளக்கமும் இல்லை! சொல்லுக்குள்ளேயே ‘மாற்று’ ஒளிந்திருப்பது அழகு. ஆள்மாறாட்டத்துக்குச் சொன்னதே இதற்கும்.

> ‘மாற்று’ என்றாலே நஞ்சை முறிக்கும் மருந்து என்ற பொருளும் உண்டே. கெட்டதற்கு அந்தப் பெயர் கொடுக்கலாமா?

அதனால்தான் கொடுக்கலாம் என்கிறேன். முறிவு மருந்து என்று நம்பித்தானே எடுத்தோம்? பொன்னின் தரத்துக்கும் ‘மாற்று’ என்று பெயர். உரசிப் பார்க்காமல் வாங்கினோம் என்பதும் உள்ளே இருக்கட்டும்.

என் பரிந்துரை: வருந்துமாற்று.

வினைத்தொகை. வருந்திய மாற்று, வருந்துகின்ற மாற்று, வருந்தும் மாற்று, மூன்று காலமும் அடங்கும். இந்தப் பொருளுக்கு அது தேவை. எடுக்கும்போது யாரும் வருந்துவதில்லை, பிறகுதான் தெரிகிறது. பிபிஎஸ்ஸுக்கு ஏற்கெனவே வருந்திவிட்டோம். ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை 2022இல் 148 பிஸ்பீனால்களை ஒருசேரப் பார்த்து, 30க்கும் மேற்பட்டவற்றைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றது. அந்த வரிசையில் எதிர்காலமும் நிற்கிறது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தடையும், உணவு தொடும் பொருள்களில் பிபிஏயோடு நிற்காமல் தீங்கானவையாக வகைப்படுத்திய மற்ற பிஸ்பீனால்களையும் சேர்த்துத் தடுக்கிறது. அப்படிக் கூட்டாகத் தடுப்பதற்கும் ஒரு சொல் வேண்டும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், இதில் கலக்க வேண்டாம்.

------

> என் பரிந்துரை: வருந்துமாற்று.

ஐயா, காலம் சரி. வருந்துவது யார்? மாற்றா வருந்துகிறது? மனிதர்தானே? ‘வருத்துமாற்று’ என்றால் நேராக இருக்குமே.

------

அம்மா, குடிநீரில் நீர் குடிப்பதில்லை, உறைவிடத்தில் இடம் உறைவதில்லை. வினைத்தொகை அந்த உறவை நம்மிடம் விட்டுவிடும். ‘வருத்துமாற்று’ தீங்கை மட்டும் சொல்கிறது. தீங்குள்ள மாற்று என்று முன்பே தெரிந்திருந்தாலும் அந்தச் சொல் பொருந்திவிடும். ‘வருந்து’வில்தான் பிற்பாடு தெரிந்தது என்பது வருகிறது. ஆனாலும் உங்கள் சொல் காதில் விழ நன்றாகவே இருக்கிறது, கொஞ்சம் தடுமாறுகிறேன்.

------

இழையை வெளியிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன். ஈழத்துப் பேச்சில் வருத்தம் என்றாலே நோய்தான். ‘ஆளுக்கு வருத்தமாம்’ என்றால் மருந்து எடுத்தாரா என்றுதான் அடுத்த கேள்வி வரும். எங்களுக்கு ‘வருந்துமாற்று’ என்றாலே இரண்டும் கேட்கிறது. ஒற்று மிகாது, சேர்த்தே எழுதுங்கள்.