எம்.எட். சேரலாமா, முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கலாமா?

குடியாத்தத்துக்காரி
எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்துவிட்டுக் குடியாத்தத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். சம்பளம் 14,000 ரூபாய். கோடை விடுமுறையில் பாதிதான் தருவார்கள். வீட்டில் இரண்டு கட்சி. அப்பா, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு உட்கார்ந்து படி என்கிறார். டெக்சாஸில் இருக்கும் பெரியம்மா மகளோ, அங்கே ‘கரிக்குலம் அண்ட் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று, பாடத்திட்டம் வகுப்பதையும் கற்பிப்பதையும் பற்றிய ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது, ஆன்லைனிலேயே படிக்கலாம், முடியாவிட்டால் நம் ஊர் எம்.எட்.டாவது படி, பி.எட்.டோடு நின்றுவிடாதே என்கிறாள். பள்ளி வேலையை விட்டால்தான் இரண்டில் ஒன்றைச் செய்ய முடியும். நம் பக்கத்தில் எம்.எட். படித்தவர்கள் என்ன ஆனார்கள்? அறிவுரை நிறையக் கேட்டுவிட்டேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆற்காட்டு வாத்தியார்
அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எம்.எட். வேண்டாம் அம்மா.

எங்கள் காலத்தில் ஆசிரியர்கள் ஏன் விழுந்தடித்துக்கொண்டு எம்.எட். படித்தார்கள் தெரியுமா? ஊக்க ஊதிய உயர்வுக்காக. கூடுதல் பட்டம் வாங்கினால் முன்ஊதிய உயர்வு கிடைத்தது. பாடத்திட்டக் கோட்பாட்டின் மேல் காதல் கொண்டு யாரும் அஞ்சல் வழியில் சேரவில்லை. 2020 மார்ச்சில் அரசு அந்த ஊக்க ஊதியத்தை ரத்து செய்தது. பிறகு ஒரே ஒரு முறை தரும் தொகையாக அதைச் சுருக்கிவிட்டார்கள். அதோடு ஆசிரியர் ஓய்வறையில் எம்.எட். பேச்சு அடங்கிப்போனது.

உங்களிடம் முதுகலையும் பி.எட்.டும் இருக்கின்றன. முதுகலை ஆசிரியர் பணிக்கு அதுவே தகுதி. ஊதிய விகிதம் 36,900 ரூபாயில் தொடங்குகிறது. 2025 ஜூலையில் 1,996 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண். அதில் 110 உங்கள் பாடம், 30 கற்பித்தல் முறை, 10 பொது அறிவு. முதலில் தமிழ்த் தகுதித் தாளையும் தாண்ட வேண்டும். 110-ஐ விட்டுவிட்டு 30-ஐப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆண்டு உட்காருவது எந்தக் கணக்கு?

வளமையம்
வாத்தியார் ஐயா சொன்ன தகவல்களில் பிழை இல்லை. முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. வட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வட்டார வளமையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிறேன். எம்.எட். படித்தவன்.

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி, வீட்டில் உருது பேசுபவள். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிப்பார்கள். இவளை அடிநிலையான அரும்பில் வைத்திருந்தார்கள், ‘கழித்தல் வரவில்லை’ என்ற குறிப்போடு. நோட்டை வாங்கிப் பார்த்தேன். 42-இல் 17 போனால் 35. 61-இல் 38 போனால் 37. 53-இல் 26 போனால் 33. மூன்றிலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. அதற்குக் கீழே 78-இல் 45 போனால் 33 என்பது மட்டும் சரி. அவளுக்குக் கழித்தல் நன்றாகவே வருகிறது. ஒன்றுகளின் இடத்தில் இரண்டிலிருந்து ஏழு போகாது என்று கண்டதும் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறாள். கடன் வாங்கும் அந்த ஒரு படியைத்தான் அவளுக்கு யாரும் பிரித்துக் காட்டவில்லை. தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் சொன்னேன். மணி அடிப்பதற்குள் பிடித்துக்கொண்டாள்.

2024-இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலில் மாநிலத்திலேயே கடைசியில் நின்ற மாவட்டம் நம் வேலூர். அந்தப் பட்டியல் பத்தாம் வகுப்பில் தயாராவதில்லை, மூன்றாம் வகுப்பில் தயாராகிறது. கலைத்திட்டம், அதாவது எதை எந்த வரிசையில் கற்பிப்பது என்பதை, படித்தவர்களுக்கு இங்கே வேலை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆற்காட்டு வாத்தியார்
நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. ஆனால் இதற்கு எம்.எட். எதற்கு? இடைநிலை ஆசிரியர் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கும் விஷயம் இது. என் பள்ளியில் ஒரு டீச்சர் நோட்டைத் தலைகீழாகப் பிடித்தாலும் இந்தத் தவறைக் கண்டுபிடித்துவிடுவார்.

வளமையம்
கண்டுபிடிப்பது ஆசிரியரின் வேலைதான் ஐயா. அதே தவறு ஒன்றியம் முழுவதும் எத்தனை பிள்ளைகளிடம் இருக்கிறது, கட்டு அவிழ்க்கும் செயல்பாடு பாடநூலில் எந்தப் பக்கத்துக்கு முன்னால் வர வேண்டும், அது பதிந்ததா என்று எப்படிச் சோதிப்பது, இவையெல்லாம் வேறு வேலை. அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949-இலேயே இவற்றை நான்கு கேள்விகளாக வைத்துவிட்டார்: என்ன நோக்கம், அதற்கு என்ன அனுபவம், அதை எப்படி வரிசைப்படுத்துவது, எப்படி மதிப்பிடுவது. இன்றைக்கும் எம்.எட். கலைத்திட்டத் தாளின் முதுகெலும்பு அதுதான். மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறப்பவர்கள் இருக்கிறார்கள். அது படிப்பின் குற்றமாகுமா?

ஆற்காட்டு வாத்தியார்
அந்த ‘வேறு வேலை’க்கு அரசு எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கிறது? 2018-இல் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கியபோது எழுதியவர்களில் பலர் பணியில் இருந்த பள்ளி ஆசிரியர்கள். எழுதி முடித்துவிட்டு மறுபடி கரும்பலகைக்கே திரும்பினார்கள். உங்கள் பணிக்கே வருவோம். அது பட்டதாரி ஆசிரியர் நிலை, பி.எட்.டும் டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளும் இருந்தால் போதும். 2023 அறிவிப்பில் பட்டதாரி ஆசிரியருக்கும் வட்டார வளமையப் பயிற்றுநருக்கும் சேர்த்துத்தான் 2,222 இடங்கள் போட்டார்கள். உங்கள் எம்.எட்.டை யாராவது கேட்டார்களா?

வளமையம்
கேட்கவில்லை. அதுதான் என் மனக்குறையும். ராணிப்பேட்டையில் இருக்கும் டயட் (மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம்) போன்ற நிறுவனங்களில் விரிவுரையாளர் ஆக முதுகலையோடு எம்.எட். வேண்டும் அல்லவா?

ஆற்காட்டு வாத்தியார்
வேண்டும். அந்த அறிவிப்பு அத்தி பூத்தாற்போல வரும். அந்தப் பெண் அதுவரை என்ன சாப்பிடுவாள்?

முன்னாள் விரிவுரையாளர்
எம்.எட். முடித்த பலரும் போய்ச் சேரும் இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். தனியார் பி.எட். கல்லூரி.

100 மாணவர் சேர்க்கை உள்ள பி.எட். கல்லூரியில் முதல்வரோடு சேர்த்து 16 ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ.யின் 2014 விதி. நான் வேலை பார்த்த கல்லூரியில் (பெயர் வேண்டாம், வட ஆற்காட்டுக்குள்தான்) தாளில் பதினாறு பேரும் இருந்தோம். வகுப்பில் ஐந்து பேர். ஆய்வுக் குழு வரும் நாளில் மீதிப் பேர் பட்டுப்புடவையிலும் இஸ்திரி போட்ட சட்டையிலும் வந்து இறங்குவார்கள். நுண்கலை ஆசிரியர் என்று ஒருவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ‘நீங்கள் எந்தக் கல்லூரி சார்?’ என்று கேட்டார்.

அசல் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொண்டது. திருப்பி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சம்பளம் வங்கிக் கணக்கில் முழுதாக ஏறும், அதில் ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எம்.எட். ஆய்வேடுகளின் கதை இன்னும் மோசம், கேள்வித்தாளை ஒரு பள்ளிக்கும் கொண்டுபோகாமலேயே முடிவுகள் அட்டவணையில் உட்கார்ந்திருக்கும்.

சேர்வதென்றால் வேலூர் அரசு கல்வியியல் கல்லூரியைப் போன்ற அரசு நிறுவனத்திலோ பல்கலைக்கழகத் துறையிலோ இந்தப் படிப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சேருங்கள். படிக்கும்போதே கல்வியியல் பாடத்தில் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வை எழுதிவிடுங்கள். நெட் அல்லது மாநில அளவிலான செட் அல்லது முனைவர் பட்டம் இல்லாத எம்.எட்.டுக்கு உதவிப் பேராசிரியர் பணியில் மதிப்பில்லை.

ஜோலார்பேட்டை பாசஞ்சர்
அரசு வேலை ஒன்றுதான் வேலையா? பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயிற்சிப் பாடங்கள் வடிவமைக்கிறேன். இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர் என்பார்கள். கணக்கு டீச்சருக்கு இந்த வேலை நன்றாக வரும். பெரிய விஷயத்தைச் சின்னச் சின்னப் படிகளாக உடைக்கத் தெரிந்தவருக்கு இங்கே மரியாதை உண்டு. நேர்காணலில் என் எம்.எட். பற்றி யாரும் விசாரிக்கவில்லை. நான் தயாரித்திருந்த மாதிரிப் பாடத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எனக்கு அதில் உதவியது எம்.எட்.டில் படித்த புளூமின் படிநிலைகள், நினைவில் வைப்பதில் தொடங்கிக் கற்றலைப் படிப்படியாக வகைப்படுத்தும் முறை. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பைஜூஸ் 2024-இல் திவால் நடவடிக்கை வரை போனது எல்லாருக்கும் தெரியும்.

குடியாத்தத்துக்காரி
அமெரிக்கப் படிப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

வாலாஜாவிலிருந்து ஒஹாயோ
என் மனைவி இங்கே பள்ளி ஆசிரியை, அதனால் சொல்கிறேன். கரிக்குலம் அண்ட் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்பது பெரும்பாலும் ஏற்கெனவே ஆசிரியர் உரிமம் வைத்திருப்பவர்கள் படிக்கும் படிப்பு. உரிமம் கொடுப்பது ஒவ்வொரு மாநிலத்தின் கல்வித் துறை. பொதுவாக இந்தப் பட்டம் மட்டும் உரிமம் ஆகிவிடாது. இங்கே பல பள்ளி மாவட்டங்களில் முதுகலை இருந்தால் சம்பளப் படி ஏறும். சில ஆண்டுகள் வகுப்பெடுத்த பிறகு, மற்ற ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் கலைத்திட்ட ஒருங்கிணைப்பாளர் பணிக்குப் போகலாம். இவ்வளவும் இங்கே வேலையில் இருப்பவருக்கு. குடியாத்தத்தில் உட்கார்ந்துகொண்டு டாலரில் கட்டணம் கட்டி ஆன்லைனில் வாங்கினால், டயட்டுக்கோ பி.எட். கல்லூரிக்கோ என்.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற எம்.எட். எங்கே என்றுதான் கேட்பார்கள். உங்கள் அக்கா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், அவர் இருக்கும் ஊரின் கணக்கைச் சொல்கிறார்.

வளமையம்
இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுக்கும், ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களும் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம். மற்றவர்கள் பணியில் தொடரலாம், டெட் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர்கள் கற்றல் உளவியல் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களிடம் வருகிறார்கள். கல்வியியலை ஒழுங்காகப் படித்தவர்களுக்குத் தேவை கூடத்தான் செய்யும்.

ஆற்காட்டு வாத்தியார்
தேவை கூடும், பணியிடம் கூடாது. டெட் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 2012 ஜூலையில் முதல் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள், 2,448 பேர் தேறினார்கள். பிறகு 2018-இல் அரசாணை 149 வந்தது. டெட் தேறினாலும் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு. இந்த ஊரில் ஒவ்வொரு கதவையும் திறந்தால் உள்ளே இன்னொரு பூட்டு தொங்குகிறது. இதில் இரண்டு ஆண்டு செலவழித்து இன்னொரு சாவி எதற்கு?

அப்புறம், தற்காலிக ஆசிரியர் வேலையாவது கிடைக்கும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழு வழியாக முதுகலை ஆசிரியருக்குத் தந்ததே மாதம் 18,000. அதற்கு முன் 12,000.

குடியாத்தத்துக்காரி
என் 14,000-க்கு அது மேல் ஐயா!

எல்லாருக்கும் நன்றி. டெக்சாஸ் யோசனையை இன்றே கைவிடுகிறேன், அக்காவிடம் நானே பேசிக்கொள்கிறேன். இந்த ஆண்டு எம்.எட். விண்ணப்பமும் போடப்போவதில்லை. அடுத்த முதுகலை ஆசிரியர் அறிவிப்புக்குப் படிக்கிறேன். ஆனால் வளமையம் அண்ணா சொன்ன கழித்தல் கணக்கைப் படித்துவிட்டு, என் ஒன்பதாம் வகுப்பு நோட்டுகளைப் புரட்டினேன். குறை எண்கள் வரும் இடத்தில் நான்கு பேர் அதே தவறைத்தான் செய்கிறார்கள். அதனால் எம்.எட். வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. வேலை கிடைத்த பிறகு படிக்கலாமா?

ஆற்காட்டு வாத்தியார்
தாராளமாக. அரசு சம்பளத்தில் டைலரைப் படித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது சொல்லுங்கள், கலப்பெண் பகுப்பாய்வில் எங்கே நிற்கிறீர்கள்?

வளமையம்
வேலைக்குப் போனவர்கள் இரண்டு ஆண்டு விடுப்பு எடுத்து முழுநேர எம்.எட். படித்து நான் பார்த்ததில்லை. ஐயா உங்களை லாகவமாக மடக்கிவிட்டார். அந்த நான்கு பேரின் நோட்டுகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

குடியாத்தத்துக்காரி
எச்சத் தேற்றத்தில் நிற்கிறேன் ஐயா. அண்ணா, படங்களை இரவு அனுப்புகிறேன்.