கிண்ணத்தில் தீப்பிடிக்கிறது, குழலுக்குள் வெடிக்கவில்லை: பிளிண்ட்லாக் பற்றி உதவி தேவை

குளிர்காடு எழுதியது:

வணக்கம். பென்சில்வேனியாவில் இருக்கிறேன். போன வருடம்தான் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து உரிமம் எடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் பிளிண்ட்லாக் மான் வேட்டைப் பருவத்துக்காக .50 காலிபர் (குழல் அரை அங்குலம்) துப்பாக்கி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பிளிண்ட்லாக் என்றால், கல் எஃகில் உரசும் பொறி வெளியே உள்ள சின்னக் கிண்ணத்து மருந்தைப் பற்றவைத்து, அந்த நெருப்பு பக்கத் துளை வழியாகக் குழலுக்குள் போய் வெடிக்கும் பழைய பாணித் துப்பாக்கி. கோடையில் 50 கஜத்தில் காகிதத் தட்டு அளவுக்குள் குண்டுகள் விழுந்தன.

டிசம்பர் 28 காலை, ஈரப்பனி. 40 கஜத்தில் ஒரு பெண்மான் பக்கவாட்டில் நின்றது. விசையை இழுத்தேன். கிண்ணத்தில் புஸ்ஸென்று நெருப்பு, புகை, அவ்வளவுதான். மான் தலையைத் தூக்கிப் பார்த்தது. அவசரமாகக் கிண்ணத்தில் மறுபடி மருந்து வைத்து இழுத்தேன், அதே புஸ். மான் நடந்தே போய்விட்டது. அதன் பிறகு மண்மேட்டில் சுட்டபோது ஒழுங்காக வெடித்தது!

உள்ளே 70 கிரெய்ன் (சுமார் நாலரை கிராம்) 3எஃப் கருமருந்து (எஃப் எண் கூடக்கூடப் பொடி நுண்மை), துணி சுற்றிய உருண்டைக் குண்டு. முந்தின இரவு குழலுக்கு நன்றாக எண்ணெய் விட்டு, வீட்டு மூலையில் நிமிர்த்தி வைத்திருந்தேன். மாற்று மருந்துக்கு மாறு என்கிறார் நண்பர். மாறலாமா?

சக்கிமுக்கி எழுதியது:

தம்பி, மாற வேண்டாம். மாற்று மருந்துகள் பற்றிக்கொள்ள அசல் கருமருந்தைவிட அதிகச் சூடு வேண்டும். கேப் (தட்டினால் வெடிக்கும் சிறு மூடி) வைத்துச் சுடும் துப்பாக்கியில் ஒத்துவரும். கல் பொறியில் இயங்கும் நம்முடையதற்கு ஒத்துவராது. புகையில்லா நவீன மருந்தைப் பற்றி யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள், குழலே பிளந்துவிடும்.

முதலில் ஒரு விஷயம், இது எனக்கு மிக முக்கியம். வெடிக்காமல் போனதும் உடனே மறுபடி மருந்து வைத்தீர்கள். இனி ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். உள்ளே ஒரு பொறி கனன்றுகொண்டிருந்து, தாமதமாக வெடிக்கலாம். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமல், பாதுகாப்பான திசையில் பிடித்தபடி ஒரு நிமிடம் முழுசாகக் காத்திருங்கள். மான் போனால் போகட்டும்.

இப்போது காரணம். எண்ணெய்தான் என்று நினைக்கிறேன். நிமிர்த்தி வைத்த துப்பாக்கியில் எண்ணெய் இரவெல்லாம் கீழே வழிந்து, மருந்து உட்காரும் அடிப்பகுதியிலும் பக்கத் துளையிலும் தேங்கும். காலையில் 70 கிரெய்னைக் கொட்டும்போது அடியில் உள்ள மருந்து எண்ணெயில் நனைகிறது. கிண்ணத்து நெருப்பு முதலில் தொட வேண்டியது அந்த மருந்தைத்தான். நான் 19 வருடமாகச் சுடுகிறேன், சுத்தம் செய்ததும் குழல்வாயைக் கீழே பார்த்துத்தான் சாய்த்து வைப்பேன். கிளம்பும் முன் உலர்ந்த துணியை, எண்ணெய்க் கறை வராத வரைக்கும் உள்ளே விட்டு எடுப்பேன். அப்புறம் மெல்லிய கம்பியால் பக்கத் துளையைக் குத்தித் துடைப்பேன். குண்டை இறக்கிய பிறகும் ஒருமுறை குத்துவேன்.

கிண்ணத்தில் 4எஃப் பொடி மருந்து கொஞ்சம் போதும். துளையை மூடும் அளவுக்குக் குவித்தால் அது திரி மாதிரி எரிந்துகொண்டு போகும். பளிச்சென்ற நெருப்பு அல்லவா உள்ளே தாவ வேண்டும்? ஈரப்பனியில் அரைமணிக்கு ஒருமுறை பழைய பொடியைத் தட்டிவிட்டு, கிண்ணத்தையும் கல் உரசும் எஃகுத் தகட்டையும் துடைத்துப் புதுப் பொடி வையுங்கள். பூட்டின்மேல் (கல்லும் கிண்ணமும் உள்ள பகுதி) மெழுகு தேய்த்த தோலுறை ஒன்று கட்டுங்கள். குளிர்ந்த துப்பாக்கியை மருந்தோடு சூடான வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், உள்ளே வியர்த்துவிடும். நான் சாயங்காலமே மண்மேட்டில் சுட்டுக் காலி செய்துவிட்டு, அன்றே வெந்நீரில் கழுவுவேன். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கசடாகத்தான் மிஞ்சும். அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும்.

குண்டை உள்ளே தள்ளும் இடிகோலில் இரண்டு கோடு போட்டுவிடுங்கள், காலிக் குழலுக்கு ஒன்று, மருந்தும் குண்டும் சரியாக உட்கார்ந்ததற்கு ஒன்று. குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி விட்டால் குழலுக்கு ஆபத்து.

கொங்குக்காரன் எழுதியது:

பவானிப் பக்கம் எங்கள் ஊருக்கு வரும் நரிக்குறவர் ஒருவர் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை உருட்டி வைத்துக் கம்பியால் இடிப்பார். அப்புறம் பால்ரஸ் என்ற சிறு குண்டுகள், அதன் மேல் மறுபடி நார். இடிக்கும் சத்தத்தை வைத்தே 'உட்கார்ந்துருச்சு சாமி' என்பார். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தொழிலே குற்றமாகிப் போனது. துப்பாக்கியைத் தொலைத்த பின் ஊசி பாசி விற்று அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரு சந்தேகம்: அங்கே ஏன் நாருக்குப் பதில் துணி?

சக்கிமுக்கி எழுதியது:

நல்ல கேள்வி. நாட்டுத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பு, சிதறும் ரவைக்கு ஏற்றது. நார் அடைத்தால் போதும். இங்கே குழலுக்குள் திருகலாகப் பள்ளம் வெட்டியிருக்கும். என்னுடையதில் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு .490 அங்குலம், குழல் .50 அங்குலம். மசகு தடவிய துணி அந்த இடைவெளியை நிரப்பி, பள்ளத்தைப் பற்றிக் குண்டைச் சுழற்றுகிறது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் குடியேறிய ஜெர்மானியத் துப்பாக்கிக் கொல்லர்கள் 18ஆம் நூற்றாண்டில் செய்த நீள ரைஃபிள்களிலும் இதே வழிதான். சுட்டதும் முன்னால் போய் அந்தத் துணியைத் தேடி எடுத்துப் பாருங்கள். கிழிந்தோ ஓட்டை விழுந்தோ இருந்தால் துணி மெல்லிசு, இல்லை குழல்வாய் கூர்மையாக இருக்கிறது.

அந்தப் பெரியவர் காதால் கண்டுபிடித்ததைத்தான் நான் கோடு போட்டுப் பார்க்கிறேன்.

குளிர்காடு எழுதியது:

நேற்று பனியிலேயே ரேஞ்சுக்குப் போனேன். உலர்ந்த துணி ஏழு விட்ட பிறகுதான் எண்ணெய்க் கறை நின்றது. பத்து முறை சுட்டேன், ஒன்பது முறை உடனே வெடித்தது. பத்தாவதில் பொறியே வரவில்லை. தோளிலேயே வைத்தபடி ஒரு நிமிடம் எண்ணினேன். கல்முனை மழுங்கிவிட்டதா?

சக்கிமுக்கி எழுதியது:

ஆமாம். எறிந்துவிடாதீர்கள். குழல் காலியாக இருக்கும்போது, கல்லைப் பிடிக்கும் தாடையைத் தளர்த்தி, சரிவுப் பக்கம் மேலே இருந்தால் கீழாகத் திருப்பி வைத்து, கல்லைச் சுற்றிய தோலோடு சேர்த்து இறுக்குங்கள். இன்னும் இருபது முறையாவது வரும். சனிக்கிழமை காட்டுக்குப் போகிறீர்களா?