தேர் இல்லாத தேர்ப்படம்

கேள்வி: புகைப்படக் கலை படிக்கிறேன். ஆடிவேல் திருவிழா அன்று கொழும்புச் செட்டியார் தெருவில் 300 படங்கள் எடுத்தேன். தேரும் கூட்டமும் கூர்மையாகவே வந்திருக்கின்றன. ஆனால் மனதில் நிற்பது ஒன்றுதான். நகைக்கடைப் படியில் ஓர் அம்மா, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு தேர் போன திசையைப் பார்க்கிறார். குதிகால் வெடிப்பில் மஞ்சள் ஒட்டியிருக்கிறது. ஷட்டர் வேகம் 1/30 வினாடி, கை கொஞ்சம் ஆடிவிட்டது. வகுப்பில் "தேரே இல்லையே" என்றார்கள். எனக்குத் திருவிழாவே அந்தக் காலில்தான் இருக்கிறது. அர்த்தம் எடுக்கும்போதே இருக்கிறதா, பிறகு நாம் ஏற்றுவதா?

பதில் 1: தங்கச்சி, அந்தப் படத்தை அழித்துவிடாதீங்கோ. நம் கொழும்பின் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) படம் கழுவும் இருட்டறையில், படம் துலங்கிக்கொண்டிருக்கும்போதே மறுபடி ஒளி காட்டுவார். விளிம்புகள் கோடாக மாறிவிடும். பொத்தானை அழுத்தியதோடு படம் முடிவதில்லை என்றுதான் நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

பதில் 2: அச்சுப்போட்டுச் சுவரில் ஒட்டிவைத்துப் பாருங்கள். கொட்டாஞ்சேனைத் தையல்காரர் ஒருவரை எடுத்தேன். அவர் உதட்டில் ஊசி இருந்ததை 3 வாரம் கழித்துத்தான் கண்டேன்.

கேட்டவர்: சரி அண்ணா, நாளைக்கே போடுகிறேன். இரண்டு பிரதி. ஒன்று அந்த அம்மாவுக்கு, கடைப்படி தெரியும்.